டைல்ஸ் மாமாவின் குறைச்சீட்டு

டைல்ஸ் மாமா எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். வலது கையின் நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். கொஞ்சம் நிறுத்தி மூன்றாவது தட்டு, மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பத் தயங்குவதுபோல. அதற்குள் தலை இடது தோளுக்குச் சாய்ந்திருக்கும்; கண் பாதி மூடியிருக்கும். 'டக்' என்று கேட்டால் நிமிர்ந்துவிடுவார். 'டொப்' என்று கேட்டால் நிமிரமாட்டார். அந்த இடத்தைச் சுற்றி விரல் விரலாகத் தட்டிக்கொண்டே போய், உள்ளே எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது என்று எல்லை கட்டிய பிறகுதான் மூச்சு விடுவார். "பொக்கு," என்பார். தீர்ப்பு அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வீடுகளில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியவர். ஒட்டியதற்கு அடியில் கலவை முழுசாகப் பரவியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது தொழில். தொழிலை விட்ட பிறகும் விரல் அதை விடவில்லை. தர்பூசணியைத் தட்டுவார், அது எல்லாரும் செய்வதுதான். வங்கி மேலாளரின் மேஜையையும் தட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியைத் தட்டினார். ஒருமுறை என் ஹெல்மெட்டைத் தட்டினார், நான் அதைத் தலையில் போட்டிருந்தபோது. "நல்ல கெட்டி தம்பி," என்றார். ஹெல்மெட்டா நானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் மனைவியை அத்தை என்று கூப்பிடுவேன். இருவரும் எனக்குச் சொந்தமில்லை. மூன்றாவது மாடியில் பக்கத்து வீடு, அவ்வளவுதான். அத்தையின் முழங்காலை டாக்டர் பரிசோதித்த அன்று மாமாவும் உள்ளே இருந்திருக்கிறார். டாக்டர் ரப்பர் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டியதும், இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை தட்டுங்க டாக்டர், சரியாக் கேக்கல," என்றாராம். அத்தையே சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மீதியையும் சொன்னார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இனிப் படி ஏறக் கூடாது. ஏறினால் அடுத்தது ஆபரேஷன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஐம்பத்து நான்கு படி.

டாக்டர் சொன்ன மறுநாளே மாமா மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி, படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று போட்டார். தட்டிப் பார்த்துத்தான். அத்தை கீழே போய்விட்டு மேலே வர முக்கால் மணி நேரம் ஆகும். முதல் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இரண்டாவதில் உட்கார்ந்து பையிலிருந்து பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பிப்பார். மூன்றாவதுக்கு வரும்போது பீன்ஸ் முடிந்திருக்கும். நான் ஏறும்போது வழியில் அவரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அது எனக்கு ஒரு குற்றம்போல இருக்கும். அவர்தான் பேச்சுக் கொடுப்பார். "என்ன தம்பி, நேத்து தொண்டை கட்டியிருந்துதா?" என்று ஒருநாள் கேட்டார். கட்டித்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வயதான பெண்களுக்கு இப்படிச் சிலது தானாகத் தெரிந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்தது. கதவைத் திறந்தால் நேரே தெரு, நடுவில் ஒரு படிகூட இல்லை. பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். அத்தை அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்து என்னிடம் அந்தத் துண்டு இடத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். வீட்டுக்காரம்மா நல்லவர். இந்த வீடு விற்றுப் பணம் கைக்கு வரும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மாதக் கடைசி வரைதான். அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அன்றைக்குத் தேதி நான்கு.

மாமாவின் வீட்டை விற்பது அப்படி ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்கக் கூடாது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, குளியலறை, இரண்டு பேர் நிற்கிற பால்கனி. அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த வீட்டில் வெறும் சிமெண்ட் தரைதான் இருந்ததாம். "ஊர்ல இருக்கற குளியலறை எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும். நான் மட்டும் மாட்டுக் கொட்டகையில குளிப்பேன்," என்பார் அத்தை. ஓய்வு பெற்ற பிறகு மாமா தன் வீட்டின்மேல் பாய்ந்தார். சமையலறையை மாற்றினார். குளியலறையை மூன்று முறை உடைத்து மூன்று முறை ஒட்டினார். படுக்கையறையில் பழைய சுவர் அலமாரியையும் அதன் பின்னாலிருந்த கனமான பூச்சையும் எடுத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி நடக்க இடம் உண்டாக்கினார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் என் அறை. எங்கள் இரண்டு அறைகளும் ஒரே சுவரில் முதுகு சாய்ந்திருப்பவை. நான் குடிவந்தபோது அவர் அதை எல்லாம் முடித்து, பால்கனிக்கு வந்திருந்தார். நான் வந்தது நான்கு வருடத்துக்கு முன்.

தரகர் ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவர் பூசியிருந்த சென்ட் இரண்டு மாடி ஏறி வந்துவிடும். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அங்கேயே நின்று விளம்பரம் எழுதி வாசித்தும் காட்டினார். "புதுப்பிக்கப்பட்ட ஒரு படுக்கையறை வீடு. நல்ல காற்று. அமைதியான பகுதி. உடனே குடியேறலாம்."

அமைதி என்றது பொய்யில்லை. எங்கள் தெரு மறுமுனையில் அடைபட்டது. ஒரு சலவைக் கடை, ஒரு சாவி செய்பவர், ஒரு நாய். நாய் குரைத்து நான் கேட்டதில்லை; கொட்டாவி விடும்.

மாமா விளம்பரத்தை வாங்கி இன்னொருமுறை படித்தார். "நல்ல காத்து சரி. மழை பேஞ்சா சமையலறை ஜன்னல்ல சாரல் அடிக்கும். அதையும் போட்டுரணும்ல?"

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். அது நகைச்சுவை இல்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது.

முதலில் வந்தது கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு ஜோடி. பெண்ணுக்குச் சமையலறை மேடை பிடித்துப் போயிற்று. அதைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க," என்று ஃப்ரிட்ஜைத் தானே இழுத்து நகர்த்தினார். பின்னால் ஒரு டைல், ஓரம் கொஞ்சம் பிசகி வெட்டப்பட்டிருந்தது.

"இது காய்ச்சலோட ஒட்டினது," என்றார்.

"பரவால்ல அங்கிள், அதான் ஃப்ரிட்ஜ் மறைச்சிடுதே," என்றான் பையன்.

"மறைச்சா இல்லன்னு ஆயிடுமா தம்பி?"

பிறகு கூடத்தில் ஒன்று, கதவோரம் ஒன்று, பால்கனியில் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த ஜோடி யோசித்துச் சொல்வதாகப் போனது. யோசித்துக்கொண்டே இருக்கிறது.

அடுத்து ஒரு காப்பீட்டு அதிகாரியும் அவர் அம்மாவும். அந்தம்மா குளியலறை வாசலில் நின்று, "தண்ணி எல்லாம் ஒழுங்காப் போயிடுமா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்தார். எதற்கு ஒரு மனிதர் சட்டைப் பையில் கோலிக்குண்டு வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்கும் முன் அதைத் தரையில் வைத்துவிட்டார். அது தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி உருண்டது. பாதி வழியில் யோசித்தது. வளைந்து, நிதானமாக, கதவுப் பக்கம் வந்து அந்தம்மாவின் செருப்பில் முட்டி நின்றது.

"ஒரு நூல் அளவு சரிவு தப்பிப் போச்சு," என்றார் மாமா. "மூணு தடவை உடைச்சுட்டேன். அந்த ஒரு நூல் மட்டும் என்கிட்ட சிக்கல."

அந்தம்மா காலை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவர் பேனாவைத் திறந்தேவிட்டார். தரகர் காகிதத்தை நீட்டினார். மாமா, "நீங்க இன்னும் பால்கனியத் தட்டிப் பாக்கலயே," என்றார்.

அன்று சாயந்திரம் அத்தையின் குரல் சமையலறையிலிருந்து கிளம்பி, கதவு வழியாக வெளிநடைக்கு வந்து, என் வாசலில் நின்றது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டேன்.

"ஏங்க, நீங்க வீட்டை விக்கறீங்களா, இல்ல வீட்டு மேல போலீஸ்ல புகார் குடுக்கறீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"எங்க கேட்டாங்க? பால்கனி எந்தப் பக்கம்னு கேட்டாங்க!"

"நாளைக்கு அவங்க குடிவந்து, தட்டிப் பாத்து, 'எவன்டா இதை ஒட்டினவன்'னு கேப்பாங்க. எனக்கு அது காதுல விழாது. ஆனா கேப்பாங்க."

"உலகத்துல வீடு வாங்கற எவன் தரையைத் தட்டிப் பாக்கறான்? நீங்க ஒருத்தர்தான்! உங்களுக்கா விக்கறோம்?"

உள்ளே எதையோ இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது.

"என் கால் முக்கியமா, டைல்ஸ் முக்கியமா?"

மூன்றாவது தட்டு நின்று நிதானமாக வந்தது.

"இதுக்கு யோசனை வேற பண்றீங்களா!"

"இல்லம்மா. கால்தான். காலேதான்."

"அப்போ எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க. வீடு பாக்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லுங்க."

"வீடு பாக்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்றார் மாமா, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல.

அவர் சொன்ன சொல் மாறாதவர். அடுத்து வந்தவரிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவரின் பின்னாலேயே நடந்தார். கூடத்தின் நடுவில் வந்ததும் குனிந்து தரையைத் தட்டினார். டக் டக், டக். ஓர் அடி தள்ளித் தட்டினார். டொப் டொப், டொப். நிமிர்ந்து வந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

அத்தையின் கெட்ட நேரம், வந்தவர் பல் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் கிழவருக்கு ஏதோ வியாதி என்று நினைத்துப் போயிருப்பார்கள். பல் டாக்டர் நின்றுவிட்டார். தானும் குனிந்தார். விரல் முட்டியால் அதே இடத்தைத் தட்டினார். "உள்ள சொத்தை மாதிரி இருக்கே?" என்றார்.

மாமாவின் முகம் மலர்ந்ததாம். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் மொழி பேசும் ஒருவரைச் சந்தித்த மலர்ச்சி. வாயைத் திறக்காமலே அவரைக் கையைப் பிடித்து அடுத்த சொத்தைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேரும் சேர்ந்து அரை மணி நேரம் அந்த வீட்டின் வாயைச் சோதித்தார்கள். பல் டாக்டர் போகும்போது மிகவும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாங்கவில்லை.

"வாய்தானே திறக்கக் கூடாதுன்னே? நான் திறக்கவே இல்லயே," என்று மாமா முணுமுணுத்தது வெளிநடையில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. அதற்கு அத்தை சொன்னது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது அத்தை என் கதவைத் தட்டினார். அத்தை என் வாசலில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒரு உதவி. நாளைக்கு நாலு மணிக்கு வீடு பாக்க ஆள் வருது. இதுதான் கடைசி. தரைவீட்டுக்காரம்மா நேத்து போன் பண்ணிட்டாங்க, முப்பது தேதிக்கு மேல ஒரு நாள்கூட முடியாதாம். இவரை ஒரு மணி நேரம் உங்க வீட்ல வச்சுக்கங்க."

ஒரு பார்சலை வாங்கி வைக்கச் சொல்வதுபோல இருந்தது. ஆனால் அவர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். பிடி இறுகி விரல் நுனி வெளுத்திருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்தார். பத்து அடிதான் நடந்து வந்திருந்தார்.

"சரி அத்தை," என்றேன்.

"வேணும்னா கையைக் கட்டி அனுப்பறேன்."

"வேண்டாம் அத்தை."

எனக்கு ஒரு மருத்துவமனையில் பழைய நோயாளிகளின் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை. காலை ஆறுக்குப் போனால் மூன்றுக்கு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டும்வரை எதையாவது படிப்பேன். அன்று நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாமா வந்தார். கைகள் கட்டப்படவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். என் வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அது ஜன்னலோரம் காற்று வருகிற இடத்தில் கிடந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து வந்து, புத்தக அலமாரிக்கு அருகே சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க காத்து வராதே மாமா."

"இருக்கட்டும்."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். டம்ளரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குடித்தார். வெளிநடையில் செருப்புச் சத்தம் போயிற்று. பக்கத்துக் கதவு திறந்தது, மூடியது. சென்ட் வாசனை என் கதவடியில் நுழைந்தது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணைப் பாதி மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அவர் பேசி நான் இதுவரை கேட்டதெல்லாம் அடங்கின குரலில்தான். பக்கத்தில் நின்றால் பாதிதான் விளங்கும். அன்று, பொதுக்கூட்டத்தில் மைக் கெட்டுப்போனால் பேசுவார்களே, அந்தக் குரல்.

"தம்பி! கூடத்துல ஜன்னல்லேர்ந்து எண்ணிக்கிட்டு வந்தா மூணாவது வரிசை, ஏழாவது டைல், பொக்கு!"

"சரி மாமா."

"கதவோரம் ஒண்ணு! அது கெட்டிதான், ஆனா நிறம் வேற! அந்த நிறம் கடையில தீந்துபோச்சு!"

"ஓஹோ."

"குளியலறையில ஒரு நூல் சரிவு தப்பு! குளிச்சதும் கதவுகிட்ட ஒருதரம் துடைச்சு விட்டுட்டா போதும், வேற ஒரு தொந்தரவும் இல்ல!"

எங்கோ யாரோ இருமினார்கள். விடாமல், செயற்கையாக. தரகருக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டியது. உடனே நின்றது.

நான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதிகம் பேசத் தெரியாதவன். இப்படி இருப்பவர்களைச் சிலர் காது கேட்காதவர்கள் என்று முடிவு செய்துவிடுவதுண்டு. மாமாவும் அப்படித்தான் நினைத்துவிட்டார் என்று பட்டது. கொஞ்சம் முன்னால் குனிந்து, "மாமா, எனக்கு நல்லாவே கேக்குது," என்றேன்.

"கேக்கட்டும் தம்பி!" என்றார் அதே உச்சத்தில். "சமையலறை ஜன்னல்! மேக்கேர்ந்து மழை அடிச்சா சாரல் வரும்! ஒரு துணி வச்சா நிக்கும்! நான் அதுக்கு ஒரு தகரம் அடிக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள இவ காலு இப்படி ஆயிருச்சு!"

நடுநடுவே நிறுத்துவார். தலை இடது தோளுக்குச் சாயும். பிறகு தொடர்வார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருப்பது, பால்கனியில் இரண்டு, குளிர்காலத்தில் முனகும் குழாய், பாதி திறந்தால் மட்டும் கிரீச்சிடும் கதவு. ஒவ்வொன்றுக்கும் அது எப்படி வந்தது, என்ன செய்து பார்த்தார், அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று மூன்று வாக்கியம். எனக்கு அந்த வீட்டை வாங்கும் எண்ணம் இல்லை. ஆனால் இருபது நிமிடத்தில் அதை எனக்கு என் வீட்டைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது. கடைசியில் அவர் திரும்பி, என் சுவரை இரண்டு தட்டு தட்டினார். நிறுத்தி, மூன்றாவது, மெதுவாக. பாவம், விரல் அடக்க முடியவில்லை என்று நினைத்தேன்.

"இன்னொரு டீ போடவா மாமா?"

"போடுங்க தம்பி," என்றார், பழைய குரலில். தொண்டை கரகரத்தது.

தேநீர் கொதிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. தரகர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நூறு மீட்டர் ஓடி வந்தவர்போல இருந்தார்.

"எடுத்துக்கறாங்களாம்," என்றார். அதை அவரே நம்பாததுபோலச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். குட்டை முடி, நகரப் பேருந்து ஓட்டுநர் சீருடை, இடுப்பில் பெரிய சாவிக் கொத்து. அதற்கும் பின்னால் அத்தை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களை…" என்று ஆரம்பித்தார். முடிக்காமல் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வீடு விற்ற சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஓட்டுநரம்மா நேராக மாமாவிடம் வந்தார். "ஐயா, எங்க டெப்போவுல ஒரு பழக்கம். ஒரு வண்டியை அடுத்த ஆள் கையில ஒப்படைக்கும்போது, முன்னாடி ஓட்டினவர் குறைச்சீட்டு எழுதிக் குடுப்பார். எந்த கியர் மாட்டும், எந்தக் கதவு லேட்டா மூடும்னு. அதுல கையெழுத்துப் போட்டாத்தான் சாவி. அந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுப்பீங்களா?"

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அத்தையைப் பார்த்தார். சத்தியம் இன்னும் அமலில் இருந்தது.

"எழுதிக் குடுங்க!" என்றார் அத்தை தலைப்புக்குள்ளிருந்து. "பேசாம எழுதிக் குடுங்க!"

அவர் இரண்டு நாள் எழுதினார். பத்திரம் பதிவான அன்று சாவியோடு சேர்த்து நான்காக மடித்த தாளை ஓட்டுநரம்மாவிடம் கொடுத்தார். முப்பதாம் தேதிக்கு ஒரு நாள் முன்பு தரைத்தள வீடும் முடிந்தது.

வீடு மாறிய காலையில் அத்தை கடைசித் தடவையாக ஐம்பத்து நான்கு படியும் இறங்கினார். ஒவ்வொரு ஸ்டூலிலும் உட்கார்ந்தார். எழுந்ததும் மாமா அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டார். கீழே வரும்போது மூன்று ஸ்டூலும் அவர் தலைக்கு மேல் அடுக்காக இருந்தன. "கழுத்து பத்திரம்," என்றார் அத்தை. "கழுத்தும் போச்சுன்னா அப்புறம் லிஃப்ட் வச்ச வீடு தேடணும்." நான் இரண்டு பெட்டி சுமந்தேன். புது வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா குனிந்தார். அத்தை, "வேண்டாம்!" என்று கத்தினார். மாமா நிமிர்ந்தார். அத்தை பின்பக்கத் துண்டு இடத்தைப் பார்க்கப் போன பிறகு மறுபடி குனிந்தார்.

"எப்படி மாமா?"

"கேக்காதீங்க தம்பி," என்றார். முகத்தில் ஐந்து வருடத்துக்குப் போதுமான வேலை தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயந்திரம் ஓட்டுநரம்மா என்னைக் கூப்பிட்டார். சமையலறை ஜன்னலுக்குத் தகரம் அடிக்க வேண்டும், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிடித்தேன். ஆணிகளை எடுக்க அவர் அலமாரிக் கதவைத் திறந்தபோது, உட்பக்கத்தில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் எழுதியது என்பதால் ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டியிருந்தார், புரட்டிப் பார்க்க வசதியாக. சரிசெய்த குறைகளுக்கு நேரே சிவப்பில் டிக்.

"இதுக்காகத்தான் வாங்கினேன்," என்றார் ஏணி மேலிருந்து. "ஒன்பது வீடு பாத்தேன் தம்பி. எல்லா வீடும் குறையே இல்லாத வீடு. எனக்குப் பயமாப் போச்சு. பிரேக் எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரிஞ்ச வண்டியை ஓட்டிடலாம். இழுக்கவே இழுக்காதுன்னு சொல்ற வண்டியில ஏறவே கூடாது. இங்க வந்து படுக்கையறையில நின்னேன், சுவருக்குள்ளேர்ந்து ஒரு குரல் எல்லாத்தையும் ஒப்பிக்குது. அந்த சென்ட் ஆளு இருமறார், குழாயைத் திறக்கறார். 'சும்மா இருங்க சார், கேக்க விடுங்க'ன்னு மூட வச்சேன்."

"அத்தை?"

"அந்தம்மா கட்டில்ல உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டிருந்தாங்க. நான் 'எடுத்துக்கறேன்'னு சொன்னதும் சிரிக்க ஆரம்பிச்சவங்கதான், அடக்கவே முடியல. சுத்தி குடுங்க."

சுத்தியைக் கொடுத்தேன். மாமா தெரியாமல் கத்தினார், தற்செயலாக அது இந்தப் பக்கம் கேட்டுவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் கடைசிக் குறை, பதினேழாவது. கோடு போடாத தாளிலும் நேராக நிற்கும் அவர் எழுத்து:

"17. படுக்கையறை வடக்குச் சுவர். இடத்துக்கு ஆசைப்பட்டு நானே இளைக்க வைத்தது. சாதாரணப் பேச்சு போகாது; குரலை உயர்த்தினால் ஒரு சொல் விடாமல் கேட்கும். பக்கத்து வீட்டுத் தம்பி தினம் சாயந்திரம் கவிதைகளைச் சத்தமாக வாசிப்பார். நாலு வருடமாகக் கேட்கிறோம். அவருக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம், நிறுத்திவிடுவார். என் வீட்டம்மா அந்த நேரத்தில் மிக்ஸி போடுவதில்லை. கவிதை பாதி கெட்டி. பாதி பொக்கு."